எண்ணெய் பிரியாத கடலைக் குழம்பு

என் மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் நான் ஒரு குழம்பு வைத்தேன். அதுவரை சோறும் ரசமும் தவிர வேறொன்றும் வைத்தறியாதவன். கொடைக்கானல் கடைவீதியில் எனக்குத் தையல் கடை. ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணமாகி மூன்று வருடம், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் பழனிக்காரி. மலையில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல், இந்த ஊரில் எதுவுமே வேகமாட்டேன் என்கிறது என்பது அவள் குறை. அதில் உண்மையும் இருந்தது. கீழே அரை மணியில் குழைகிற பருப்பு இங்கே ஒன்றரை மணி கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும்.

அவள் உயிரை விடுவது நிலக்கடலைக் குழம்புக்கு. பழனியிலிருந்து அவள் அம்மா பஸ் கண்டக்டரிடம் கடலை கொடுத்தனுப்புவார். அதை வேகவைத்து, தேங்காயும் மிளகாயும் மல்லியும் வறுத்தரைத்துச் சேர்த்து, புளி கரைத்து ஊற்றி, நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாக விட்டுச் சுண்டவைப்பாள். எண்ணெய் பிரிந்து மேலே செக்கச்செவேலென்று மிதந்தால்தான் சட்டி இறங்கும். எண்ணெய் பிரியாத குழம்பை இலையில் ஊற்றினால் அவள் பிறந்த வீட்டில் அது விருந்தாளிக்குச் செய்த அவமரியாதை. நானும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். என் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியதை என் டேப்பே காட்டிக்கொடுத்தது.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா எண்ணெய், நெய், தேங்காய் மூன்றையும் அடியோடு நிறுத்தச் சொன்னார். கஞ்சியும் மோரும்தான் சாப்பாடு. இரண்டு நாள் குடித்தாள். அப்புறம் கிண்ணத்தைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது கடைவீதி முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரு நாள் கிண்ணத்தை நங்கென்று வைத்து, "குடிச்சாக் குடி, இல்லாட்டி கெட" என்று கத்திவிட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பவள், அன்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியிறங்கிற்று. நானே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை தோளில் தொங்கியது.

டாக்டரம்மா மறுபடி வந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள்ல சாப்பாடு எறங்கலேன்னா அட்மிட் பண்ணிருங்க. உடம்புல தெம்பே இல்ல. இப்படியே விட்டா ஆபத்து" என்றார். அவர் வாசலுக்குப் போனதும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள, என்னதான் வேணும், சொல்லு" என்று கேட்டேன்.

"கடலக் கொழம்பு" என்றாள்.

வாசலுக்கு ஓடினேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஒரு கைப்பிடி கடலை போட்டுக்கங்க. எண்ணெ ஒரு சொட்டு கூடாது, தேங்காயும் கூடாது" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். துணியை அரை அங்குலம் பிசகாமல் வெட்டுகிறவன் நான். அவளோ படுத்தபடியே, "ஒரு கை மல்லி, ரெண்டு விரலுக்குப் புளி" என்று கணக்குச் சொன்னாள். யார் கை, யார் விரல் என்று கேட்டால் கோபித்துக்கொண்டாள். கடலை வேகவேண்டுமே என்ற அவசரத்தில் நான் எங்கள் மலைக்காரர்கள் மொச்சைக்குச் செய்கிற வேலையைச் செய்தேன். ஆப்பச் சோடாவை அள்ளிப் போட்டேன். கடலை வெந்தது உண்மைதான். ஆனால் புளிக்கரைசலை ஊற்றியதும் குழம்பு பொங்கிப் பொங்கி நுரைத்து, சட்டியைத் தாண்டி அடுப்பையே அணைத்துவிட்டது. வீடு முழுக்கச் சவுக்கார வாசனை.

"என்னங்க, துணி துவைக்கிறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பத்து நாளில் அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. எரிச்சலோடு எரிச்சலாக எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றைக்கே கடலையை ஊறப்போட்டேன். மறுநாள் வெள்ளனே எழுந்து அடுப்பில் ஏற்றி, சோடாவைத் தொடாமல் பொறுமையாக மூன்று மணி நேரம் வேகவிட்டேன். முதல் தண்ணீரை வடித்துக் கொட்டி, தோலை நீக்கி, பாதியை அம்மியில் அரைத்தேன். தேங்காய்க்கு என்ன செய்வது? வேலியில் சௌசௌ காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டைப் பறித்து அவித்து மசித்துச் சேர்த்தேன், குழம்பு கெட்டியாயிற்று. மலைப்பூண்டைத் தணலில் சுட்டு நசுக்கிப் போட்டேன். கடுகையும் கறிவேப்பிலையையும் வெறும் சட்டியில் பொரித்துத் தூவினேன். வாசனை நன்றாகத்தான் வந்தது. நிறம்தான் வெளுத்துக் கிடந்தது. மேலே ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"எண்ணெ பிரிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டாள்.

கல்யாணமான மூன்று வருடத்தில் நான் அவளைத் திட்டியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை. பிரியவில்லை என்று சொன்னால் அவள் வாயில் வைக்கமாட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

"பிரிஞ்சிருச்சு" என்றேன்.

குழைந்த சோற்றில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பதுபோல நின்றேன். முதுகெல்லாம் காதாக இருந்தது. அப்புறம் வளையல் குலுங்கியது, பிசைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. தட்டு காலியானது எனக்குத் தெரியாது. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று அவள் சொன்னபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

சட்டி எடுக்க அடுப்படிக்குப் போனவன் அங்கேயே நின்று அழுதேன். ஈர விறகுப் புகை என்று அவளிடம் சொன்னேன். அன்றைய இரண்டாவது பொய் அது.

அவள் தேறினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வேலை வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து டாக்டரம்மா, இனி எண்ணெய் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் வீட்டில் பழையபடி செக்கச்செவேலென்று கடலைக் குழம்பு காத்திருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊற ஓடிவந்தேன்.

சோற்றின் மேல் அவள் ஊற்றினாள். சௌசௌ மசித்த வெளுத்த குழம்பு. சுட்ட பூண்டு மிதந்தது. எண்ணெய் மிதக்கவில்லை.

"ஏ புள்ள, எண்ணெ பிரிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்து, "பிரிஞ்சிருச்சு" என்றாள்.

நான் பிசைந்து சாப்பிட்டேன். தட்டு காலியானதும் நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.