புறங்காலின் துடிப்பு

என் கணவர் திற்பரப்புக்கு மேலே ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். விடியும்போது கத்தியோடு தோட்டத்தில் இறங்கினால், வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பங்குனியில், நாற்பது மரம் தாண்டினால் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகுகிறது என்றார். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிவிடுமாம். மறுபடி நாற்பது மரம், மறுபடி வலி.

உட்கார்ந்தால் போய்விடுகிற வலியை நான் நம்பவில்லை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

"ஒங்களுக்கு மரத்தக் கண்டாத்தான் நோவும். டீக்கடைக்குப் போவும்போ நோவாது."

"ஏட்டி, டீக்கடை பக்கத்துலல்லா இருக்கு," என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கால்நோவு என்றால் முதலில் வர்ம ஆசானிடம்தான் போவோம். அந்த ஆசான் இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. முழங்காலை மடக்கிப் புறங்காலில் விரல் வைத்தார். நீட்டிப் பார்த்தார். திரும்பவும் மடக்கினார். இவர் வண்டியை எடுக்க வெளியே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மடக்கும்போ துடிப்பு நின்னு போவுது. இது நம்ம கைப்பணிக்கு ஆவாது. அவன்கிட்ட சொன்னா பயந்து வரமாட்டான். நீ எப்பிடியாவது பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வழியில் இவர் கேட்டார், ஆசான் என்ன சொன்னான் என்று.

"நரம்பு பெரண்டிருக்காம். எண்ண போட்டுத் தடவினா மாறிருமாம்," என்றேன்.

பால்வெட்டைப் பாதியில் விட்டால் அந்த வரிசைகள் வேறொருவர் கைக்குப் போய்விடும். மழை பிடித்து வெட்டு நின்றதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். கள்ளவலிதானே என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. என் கையாலேயே தினமும் எண்ணெய் தடவினேன். இப்போ பரவாயில்லை என்று அவரும் எனக்காகச் சொன்னார்.

மழைக்கு முன்பே ஒருநாள் காலையில் பாதம் வெளுத்துச் சில்லிட்டுப் போயிற்று.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயின் சுவருக்குள் நீர்க்கட்டி, உள்ளே ஜெல்லி மாதிரி நீர் என்றார் டாக்டர். அபூர்வமான நோயாம். குழாய் திறந்திருந்தபோதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்போது ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, வலது காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து வைத்துத் தைத்தார்கள். நான் தடவியதாலா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, தாமதம்தான் என்றார்.

புறங்காலில் துடிப்பு பார்க்க நர்ஸ் எனக்குச் சொல்லித்தந்தாள். ஒன்பது நாள் என் விரலுக்கடியில் துடித்தது. பத்தாம் நாள் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி திறந்து பார்த்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவர் ஒரே பேச்சுத்தான் பேசினார்: ஆசான் சரியாகச் சொல்லியிருந்தால் என் கால் இருந்திருக்கும். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். வாய் நீளமானவளுக்கு அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பேச்சு ஆசான் காதுக்கும் போயிற்று. ஒருநாள் மத்தியானம் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயாவோடு போன என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு அன்னைக்குப் பிடிபடாமப் போச்சு மக்கா," என்றார் இவரிடம்.

சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு இங்கே யாரும் அவரிடம் கால்நோவு என்று போவதில்லை.

ஆசான் வந்துபோன அன்று சாயங்காலம் இவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாவம், அறியாமச் செஞ்சதுதானே. அவன் மேல எனக்கு இனி ஒண்ணும் இல்லட்டி," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனேன்.