பங்களா இறக்கம்

நாற்பத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. அதன் பின்னாலேயே கியர் வைத்த சைக்கிளும் வந்தது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடந்தால் தெரிந்தவர்கள் நிறுத்திப் பேசுவார்கள், சைக்கிள் என்றால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நான்தான் கணக்குப் போட்டேன். மலைச்சாலையில் நான் ஏறும் வேகத்துக்கு, நடந்து வருகிறவர்கள் பக்கத்திலேயே வந்து, பெண் கல்யாணம் வரை பேசி முடித்துவிட்டு, "சரிங்க, நான் முன்னால போறேன்" என்று விடைபெறுவார்கள் என்பது அப்போது தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. குன்னூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு சாலையாகப் பார்த்தேன். கோத்தகிரி சாலையில் மூச்சு போனது. ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. திரும்பி ஏறும்போது ஒரு ஜீப்காரர் நிறுத்தி, "ஏனுங்க, இன்னைக்கு பஸ் ஓடலீங்களா?" என்று கவலையோடு கேட்டார். மேட்டில் ஒருவன் விரும்பிச் சைக்கிள் மிதிப்பான் என்பதை இந்த மலையில் யாரும் நம்புவதில்லை. வேண்டுதல் என்று சொல்லிப் பார்த்தேன். உடனே ஒப்புக்கொண்டார்.

நான் போன சாலைகளில் எனக்குப் பிடித்தது தேவாலா பக்கம். வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடி மலையைக் குடைந்த ஊர் அது. அவர்களுக்குத் தங்கத்தைவிட மழைதான் அதிகம் கிடைத்தது. பிறகு தேயிலை போட்டார்கள். என் மனைவி பிறந்தது அங்கே ஓர் எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளர் வீடுகள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வார்த்தையும் அவர்களோடு கப்பலேறி வந்ததுதான்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அங்கேயே ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனார். தேவர்சோலையில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். அந்த வாரக் கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சாமான் கட்ட உதவுவதற்காகக் கிளம்பினோம். சைக்கிளை பஸ் தலையில் ஏற்றிக் கூடலூர் வரை வந்து, மனைவியை அதே பஸ்ஸில் தேவாலாவுக்கு அனுப்பிவிட்டு, நான் நாடுகாணி வழியாக மிதித்தேன். உதவி செய்ய வருகிறவன் கொஞ்சம் தாமதமாக வருவதில் சில வசதிகள் உண்டு.

எஸ்டேட் சாலை என்பது ஒரே மேடு. அடியில் ஓடைப் பாலம், அதையொட்டி லயம், உச்சியில் ஃபேக்டரி. நடுவில் பழைய மானேஜர் பங்களாவும் அதன் நீளமான செடிவேலியும். மச்சான் ஃபேக்டரியில் கணக்குத் தீர்க்கப் போயிருக்கிறார் என்று லயத்தில் சொன்னதால் மேலே மிதித்தேன். பங்களா கேட்டுக்கு நேராக வந்ததும் மூச்சு தீர்ந்து இறங்கித் தள்ளினேன். சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பல்லாம் எறங்க வேண்டாங்கய்யா. அது அந்தக் காலம்" என்றார்.

ஒன்றும் புரியாவிட்டாலும், ஏதோ நல்ல காரணத்துக்காக இறங்கியவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது மச்சான்தான் விளக்கினார். அவர்கள் சின்னவர்களாக இருந்த காலத்தில் பங்களா கேட்டுக்கு முன்னால் யாரும் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. வேலி தொடங்கும் இடத்தில் இறங்கி, முடியும் இடம் வரை தள்ளிக்கொண்டு நடந்து, பிறகு ஏறிக்கொள்ள வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. மானேஜர் துரை வராந்தாவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் வழக்கம். சுதந்திரம் வந்து எவ்வளவோ வருஷம் கழித்து, நம் ஊர்க்காரர் ஒருவரே துரையாக இருந்தபோது நடந்தது இது.

மேலே ஏறும்போது இதில் நஷ்டம் எதுவும் இல்லை. எல்லோரும் தள்ளிக்கொண்டுதானே போகிறார்கள், அந்த மரியாதை இலவசம். இறங்கும்போதுதான் வயிற்றெரிச்சல். மலையில் சைக்கிள் வைத்திருப்பதற்கு இருக்கிற ஒரே சுகம் இறக்கம். அதில் நல்ல பகுதியைத் துரை எடுத்துக்கொண்டுவிட்டார். அவர்களுடைய அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது மகன் முன் பாரிலும் மகள் கேரியரிலும் இருப்பார்கள். காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும், "எறங்கு" என்பார். முதலில் குழந்தைகள் குதிப்பார்கள், பிறகு அவர் காலைப் பின்னால் வீசி இறங்குவார்.

துரை போனார், வழக்கமும் போனது. பங்களா இப்போது டூரிஸ்ட்டுகள் தங்கும் இடம். ஆனால் மச்சான் மட்டும் ஃபேக்டரியிலிருந்து வரும்போதெல்லாம் அங்கே இறங்கித்தான் நடந்திருக்கிறார்.

"கால் தானா எறங்கிருது மாப்ள. இன்னைக்கு எறங்கக்கூடாதுன்னு மேலயே நெனச்சுட்டு வருவேன். வேலி வந்தா நடந்துட்டு இருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "போறதுக்குள்ள ஒரு தடவ நிக்காம வந்துரணும்" என்றார்.

சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் காலையில், சாமான் கட்டுவதை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் ஃபேக்டரிக்கு ஏறினோம். என் கியர் சைக்கிளையும் ஹெல்மெட்டையும் கொடுத்தேன். புது வண்டி என்றால் காலுக்குப் பழைய ஞாபகம் வராது என்பது என் கருத்து. மச்சான் ஜோராகக் கிளம்பினார். வேலி வந்தது, கால் வீசியது, ஹெல்மெட்டோடு நடந்து போனார். சரிவிலிருந்து பெண்கள், "அண்ணே, துரை இல்லண்ணே, பெயிண்ட் அடிக்கிற ஆளுதான் இருக்காரு" என்றார்கள். பெயிண்ட் அடிப்பவரும் கேட்டருகே வந்து நின்றுகொண்டார்.

பழக்கத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பாதையை மட்டும் பார்த்து, மனசை வேறு எதிலாவது வைத்தால் உடம்பு ஏமாந்துவிடும் என்று விளக்கினேன். இரண்டாம் முறை மச்சான் மனசை வேறு எதிலோ அவ்வளவு நன்றாக வைத்துவிட்டதால், தான் இறங்கி நடந்ததே வேலி முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது முறை வேண்டாம் என்றார். முகம் சுருங்கியிருந்தது.

என் மனைவி இரண்டு முறையும் பார்த்தாள். பிறகு அண்ணனுடைய பழைய சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னாள். லயத்திலிருந்து எடுத்து வந்தது நான். ஃபேக்டரி வாசலில் அவள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். நான் என் சைக்கிளோடு முன்னால் இறங்கி, வேலி முடிகிற இடத்தில் நின்றுகொண்டேன்.

முதலில் மட்கார்டு கடகடப்பதுதான் கேட்டது. பிறகு இரண்டு பேரும் தெரிந்தார்கள். வேலி தொடங்கியதும் மச்சான் வாய் தானாகத் திறந்தது.

"பாப்பா, எறங்கு."

"மாட்டேன்."

"எறங்குன்னு சொல்றேன்ல."

"மாட்டேண்ணே. நீ ஓட்டு."

பின்னால் ஆள் இருக்கும்போது அந்த வண்டியில் காலைப் பின்னால் வீச முடியாது. அவருடைய வலது கால் பெடலை விட்டு எழும்பியது, போக இடமில்லாமல் அந்தரத்தில் தடுமாறியது, பிறகு மெதுவாகப் பெடலுக்கே திரும்பியது. அதற்குள் கேட் கடந்துவிட்டது. பெயிண்ட் அடிப்பவர் பிரஷ்ஷைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார். சரிவில் பறிப்பு நின்றுபோயிருந்தது. என்னைத் தாண்டும்போது மச்சான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார், பின்னாலிருந்து யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல. யாரும் கூப்பிடவில்லை. வளைவுக்கு முன்னால் பிரேக்கிலிருந்து கையைத் தளர்த்தியதைப் பார்த்தேன். வண்டி ஒரு துள்ளு துள்ளிக் கண்ணுக்கு மறைந்தது.

நான் போய்ச் சேரும்போது இருவரும் பாலத்தில் நின்றிருந்தார்கள். மனைவி சேலை ஓரத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் குனிந்து பிரேக் கட்டையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவுதானா மாப்ள இது? சட்டுனு முடிஞ்சிருச்சே" என்றார்.

"நான் ஒண்ணுமே பாக்கலண்ணே, பயத்துல கண்ண மூடிட்டேன். இன்னொரு தடவ போலாம்" என்றாள் மனைவி.

சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி, என் சைக்கிளைப் பாலத்தில் சாத்தவைத்துப் பழைய சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு, இருவரும் பேசிக்கொண்டே மேட்டில் முன்னால் நடந்தார்கள். அன்று சாமான் கட்டும் வேலை நடக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் அவர்கள் எத்தனை முறை இறங்கினார்கள் என்று நான் எண்ணவில்லை. எத்தனை முறை ஏறினோம் என்பது என் முழங்காலுக்குத் தெரியும்.