ஸ்டெல்லா திறக்க மறுத்த பக்கம்

பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பித்துவிட்டுத் திரும்பியபோது போன் அடித்தது. ஸ்டெல்லாவின் அக்கா. "ஸ்டெல்லா போயிட்டா மாமி. தூக்கத்துலயே போயிட்டா." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

நம் டயாலிசிஸ் தர்ம நிலையத்தில் ஸ்டெல்லாவை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளிகள் தங்கள் முறையைப் பதிவு செய்யும் வலைத்தளத்தை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியவர் அவர். நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடி நிலையத்தின் கணக்கைப் பார்ப்பவள். ரசீதுப் பக்கம் அடிக்கடி தகராறு செய்ததால், புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு நானாகவே ஜாவா படித்தேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு ஓயவில்லை.

சர்வர் கிளம்பும்போது தளத்தின் ஒவ்வொரு பகுதியும் முதலில் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பதிவுப் பகுதிக்கு, பெயர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பிழையை வெளியே சொல்லிவிட வேண்டும்; அப்போதுதான் சர்வர் அந்தப் பகுதிக்கு யாரையும் அனுப்பாது. ஸ்டெல்லா அப்படித்தான் எழுதியிருந்தார். இணைப்பு இல்லாத நாளில், 'பதிவு இப்போது இயங்கவில்லை, போன் செய்யுங்கள்' என்று மட்டும் வரும். சந்நிதியில் திரை போட்டிருந்தால் காத்து நிற்கிறோம், யாரும் ஏமாறுவதில்லை என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "பெருமாளே திரை போடுறாரு, என் பேஜ் போடக் கூடாதா மாமி?"

நிலைய நிர்வாகிக்கு அது பிடிக்கவில்லை. நன்கொடை தருகிறவர்கள் பார்க்கும் தளத்தில் 'இயங்கவில்லை' என்று வரலாமா என்றார். எந்தப் பிழை வந்தாலும் உள்ளேயே அடக்கிவிட்டு, பதிவானது போலவே பக்கம் நன்றி சொல்லும்படி மாற்றச் சொன்னார். கணக்கு கொடுக்க நிலையத்துக்குப் போயிருந்த நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. "தயாரா இல்லாதது தயாரா இருக்கேன்னு சொல்லக் கூடாது சார். நான் எழுத மாட்டேன்." நிர்வாகி வெளியாள் ஒருவரை வைத்து அந்த வரிகளை மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் இணைப்பு கிடைக்காமலேயே சர்வர் கிளம்பியது. பக்கம் அழகாகத் திறந்தது. பெயர்களை வாங்கியது. 'பதிவாகிவிட்டது, நன்றி' என்றது. ஒரு பெயரும் எங்கும் ஏறவில்லை. மறுநாள் மண்ணச்சநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெரியவர், வீங்கிய காலோடு வாசலில் நின்றார். பெயர் இல்லை, படுக்கையும் காலியில்லை. அங்கேயே அவருக்கு மூச்சுத் திணறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பினோம். பிழைத்தது பெருமாள் கிருபை.

பழி ஸ்டெல்லா தலையில் விழுந்தது. "புரோகிராம் எழுதினது அவங்கதானே" என்றார் நிர்வாகி. நடந்ததை நான் கமிட்டியில் சொன்னேன். "மாமி, நீங்க கணக்கை மட்டும் பாருங்க" என்று பதில் வந்தது. ஸ்டெல்லாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் எழுதிய பழைய வரிகளை அதே வாரம் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். வரிகள் வேண்டியிருந்தன, ஆள் வேண்டாம். அப்புறம் அவர் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

அடக்கத்துக்கு நிர்வாகி பெரிய மாலையோடு வந்தார். கூடப் பிறந்த தங்கை மாதிரி என்றார். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து மெதுவாக, "அந்தப் பழைய விஷயம் மட்டும் வேண்டாம் மாமி" என்றார்.

அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்ன பேசுவது? ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பிடிவாதம் ஒன்றைத்தான். இதில் ஒரு வரியும் குறைக்காமல் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். அவருடைய அக்காவை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். தன் தங்கை தப்புச் செய்யவில்லை என்பதை அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும்.