அக்கா தராத ஒரு சொட்டு

அந்தச் சீசா என் சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. சும்மா பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும், மூச்சுப்பட்ட கண்ணாடி போல அடியில் ஒரு வெண்படலம் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிது. அக்கா அதை மதுரையில் வாங்கி, ஐஸ் அடைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தேனியில் அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்லூரியில் அன்று டிரான்ஸ்பார்மர் பழுது. கரண்ட் இல்லாத ஆய்வுக்கூடத்தில் வைத்தால் கெட்டுப்போகும் என்று எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கே எடுத்து வந்துவிட்டாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறைக்குள் அது போய் உட்கார்ந்தது. கீழ்த்தட்டில் இட்லி மாவு, மல்லிகைப்பூ, அப்பாவின் இன்சுலின்.

அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருந்ததுதான் வினையாகிப்போனது. தோலில் காயம் பட்டால் செல்களைப் பெருகச் சொல்லி உடம்பே ஒரு புரதத்தைச் சுரக்கும் என்றும், மனிதனின் அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அதே புரதத்தை வெளியில் செய்துவிடுகிறார்கள் என்றும், முன்பொரு நாள் சோறு சாப்பிடும்போது அக்காதான் கண்கள் மின்னச் சொல்லியிருந்தாள். கண்ணாடித் தட்டில் தோல் செல்களை வளர்த்து, ஆறாத புண் ஏன் ஆறுவதில்லை என்று பார்ப்பதே அவள் ஆராய்ச்சி. ஆறாத புண்ணோ வீட்டிலேயே இருந்தது. திராட்சைத் தோட்டத்தில் கம்பி குத்தி, அப்பாவின் வலது பாதத்தில் மாதக்கணக்காக வாய் திறந்தே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் களிம்பு தடவித் துணி சுற்றிக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா ஆரம்பித்தாள். "ஊரார் புண்ணுக்கெல்லாம் வழி தேடுற. பெத்தவுக புண்ணு கண்ணுக்குத் தெரியலையாடி? அதுல ஒரு சொட்டு வச்சு விடேன்."

"அது மருந்து இல்லம்மா. தட்டுல வளர்ற செல்லுக்குக் குடுக்குறது. மனுசருக்குப் போடக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு."

"இன்சுலினும் இப்படிச் செய்யிறதுதான்னு நீதான சொன்ன? அதத் தெனமும் குத்திக்கிறாகல்ல?"

"அத எத்தனையோ பேருக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தாம்மா கடைக்கு அனுப்புனாக. இத யாருக்கும் குடுத்துப் பாக்கல."

அப்பா நாற்காலியில் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போன பிறகு, வாழ்நாளில் எங்களிடம் எதையும் கேட்டுப் பழகாத அந்த மனிதர், குரலைத் தாழ்த்தி, "ஒரு சொட்டுகூட ஆகாதா ஆத்தா?" என்றார்.

அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள். "ஆகாதுப்பா" என்றாள். அழுதுகொண்டே துணியைப் பிரித்துப் புண்ணைக் கழுவினாள்.

மறுநாள் காலை அவளே கைபிடித்து அவரைத் தேனிக்கு அழைத்துப்போனாள். எலும்புவரை சீழ் இறங்கியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் பாதமே போயிருக்கும், மேலே என்ன தடவியிருந்தாலும் சீழ் நின்றிருக்காது என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. ஆராய்ச்சி முடிந்து அக்கா பட்டம் வாங்கிய நாளில்கூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "டாக்டர் சொன்னது எனக்குப் புரியுதுடி" என்று ஒருமுறை பஸ்ஸில் என்னிடம் அக்கா சொன்னாள். "அப்பா கேட்ட குரல்தான் போக மாட்டேங்குது."

சில வருடங்கள் கழித்து அப்பாவின் இடது குதிகாலில் புண் வந்தது. இம்முறை மறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பை வாங்க நானும் அக்காவும் போனோம். மெடிக்கல் கடைக்காரர் நீட்டிய டியூபைப் படித்தவள், பின்னால் ஆட்கள் காத்திருப்பதையும் மறந்து அங்கேயே நின்றுவிட்டாள். அதே புரதத்தின் பெயர். அதற்குள் அது மருந்தாகியிருந்தது.

லீவு போட்டு வீட்டில் தங்கித் தினமும் அவளே தடவிவிட்டாள். முதல் நாள் அப்பா கேட்டார்: "இது அன்னைக்கு நம்ம ஃப்ரிட்ஜில இருந்ததுதான?"

"பேரு அதுதாம்ப்பா. ஆனா இத ஆளுகளுக்குப் போட்டுப் பாத்துட்டாக."

"யாரு போட்டுக்கிட்டாக மொதல்ல?"

"தெரியலப்பா. நம்மள மாதிரி யாரோ. எல்லாம் சொல்லி, அவுக சம்மதம் கேட்டுத்தான் போட்டிருப்பாக."

அப்பா, "நல்லா இருக்கட்டும் அவுக" என்றார். அம்மா உள்ளே போய், காபியை ஆற்றிக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

புண் ஆறியது. அப்பா இப்போது இல்லை. அந்தத் தோட்டத்தையும் வேறு யாரோ பார்க்கிறார்கள். தண்ணீர் பாய்ந்த மறுநாள் கொடிப் பந்தலுக்குள் அவர் நடந்துபோன தடம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது: ஈரமண்ணில் வலதுகால் மூன்று விரலோடும், இடதுகால் ஐந்து விரலோடும். அந்த நாட்களில் அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம், அதில் ஒன்றையும் மிதிக்காமல் ஓரமாகவே அவர் பின்னால் நடப்பாள்.