ஏழு ராச்சியமும் என் மனுசனின் வாயும்

என் மனுசனின் வாயைத் திறக்க வைத்தது நானில்லை, ஒரு சீன நாடகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அவர் ஊமை இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் டக் படகில் வேலை செய்தவர். கோதுமைக் கப்பல், சீமெந்துக் கப்பல் என்று வருகிற பெரிய கப்பல்களுக்குக் கயிறு போட்டு இழுத்துவந்து துறையில் அணைக்கிற படகு அது. என்ஜின் சத்தத்தில் அங்கே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாம் கைச்சாடைதான். இறுக்கு, தளர்த்து, நிற்பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாடை. மனுசன் அந்தச் சாடைகளை வேலைத்தலத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு விரலைத் தூக்கினால் தேத்தண்ணி. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் சோறு போதும். விரலைச் சுழற்றினால் ஃபானைப் போடவேண்டும். கல்யாணம் முடித்த நாள் முதல் முப்பது வருசத்துக்கு மேலாக நான் டக் படகில்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

நான் அப்படியில்லை. வாயை மூடினால் எனக்கு மூச்சு முட்டும். பைப்பில் தண்ணீர் வராதது, சந்தையில் சூரை மீன் விற்ற விலை, பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் முருங்கையடியைக் கிளறினது, எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லுவேன். “பசிக்குதோ? பசிக்கும்தானே, விடியப் பாணும் சம்பலும்தானே சாப்பிட்டனீங்கள், இருங்கோ போடுறன்” என்பேன். அவர் தலையை ஆட்டுவார். பென்சன் எடுத்து வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகாவது நாலு வார்த்தை கதைப்பார் என்று பார்த்தேன். மனுசன் கதிரையை முற்றத்துப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகன் கட்டாரில் வேலை. லீவில் வந்து தாலி கட்டிவிட்டு ஓடிவிட்டான். விசா வரும்வரை பெட்டை எங்களோடு அன்புவழிபுரத்தில் இருக்கட்டும் என்பது ஏற்பாடு. நல்ல பிள்ளை, குறை சொல்ல ஏலாது. குறை சொல்ல ஏலாத மருமகளோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று மாமிமாருக்குத்தான் தெரியும்.

அவளுக்கு ஒரு பழக்கம். குசினியில் வெங்காயம் உரிக்கும்போது போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து ஒரு சீன நாடகம் பார்ப்பாள். தமிழில் கதைக்கிற மாதிரிக் குரல் மாற்றிப் போட்டது. ஏழு ராச்சியம். ஏழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் நீளத் தலைமயிர், நீளச் சட்டை. அரசன் வாயைத் திறந்தால் புராணம் படிக்கிற மாதிரிச் செந்தமிழ். சேவகன் வாயைத் திறந்தால் மெட்ராஸ் ஆட்டோக்காரன். யார் எந்த ராச்சியத்துக்காரன் என்று பிடிபடுவதற்குள் இரண்டு பேர் செத்துவிடுவார்கள். “கோதாரி, என்ன கண்டறியாத நாடகம்” என்று நான் திட்டினேன். அவள் சிரித்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள்.

ஒருநாள் என் மனுசன் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தார். போனில் போர் நடந்துகொண்டிருந்தது. மலைமேல் ஒருவன் நின்று பெரிய கொடியை ஆட்டுகிறான், கீழே நிற்கிற படை அதைப் பார்த்துத் திரும்பவேண்டும். மனுசன் செம்பைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

“பிழை” என்றார்.

நான் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தேன். யார் கதைத்தது என்று திரும்பிப் பார்த்தேன்.

“என்ன மாமா பிழை?” என்று மருமகள் கேட்டாள்.

“கொடிக்காரன் பிழையா ஆட்டுறான். சூரியன் அவனுக்குப் பின்னாலை நிக்குது. கீழை நிக்கிறவனுக்குக் கண் கூசும், ஒண்டும் தெரியாது.”

“அப்ப எப்பிடி மாமா ஆட்டவேணும்?”

செம்பை வைத்துவிட்டு, குசினித் துணியைக் கையில் எடுத்து, என் மனுசன் ஆட்டிக் காட்டினார். நான் அடுப்புத் துடைக்கிற துணி அது. சாடை என்றால் எப்படி இருக்கவேண்டும், எதிரில் நிற்பவனுக்கு விளங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று விளக்கம் வேறு. அவள் வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டுக் கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விரல், அவளுக்கு ஒரு பிரசங்கமா?

அன்றிலிருந்து பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு இரண்டு பேரும் கூடிவிடுவார்கள். கதிரை முற்றத்தை விட்டுக் குசினி வாசலுக்கு வந்துவிட்டது. அவள் கீழே பலகையில். “அந்த இளவரசனை ஏன் மாமா எதிரி அரண்மனைக்கு அனுப்புறாங்கள்?” என்பாள். “பிணை வைக்கிறது பிள்ளை. பிள்ளை அங்கை இருந்தா தகப்பன் சண்டைக்குப் போகமாட்டான்தானே” என்பார். எல்லாரிலும் அவருக்குப் பிடித்தது ஒரு கிழட்டுத் தளபதி. வெள்ளைத் தாடி. ஆற்று வாயில் இருக்கிற சின்ன ராச்சியத்தைக் காவல் காக்கிறவன். அவனும் வாய் திறக்கமாட்டான், கையைத்தான் காட்டுவான். பிடிக்காமல் இருக்குமா? “துறைமுகத்தை விட்டால் ராச்சியம் போச்சு. உவனுக்கு அது தெரியும். அரசனுக்குத்தான் தெரியேல்லை” என்று என் மனுசன் அவனுக்காக வாதாடுவார்.

நான் நடுவில் புகுந்து கதைக்கப் பார்ப்பேன். “உவங்கள் எல்லாரும் ஒரே முகம்தானே, அடிபட்டுச் சாகிறதுதானே வேலை, வாங்கோ, தேத்தண்ணி ஆறுது, ஆறினா குடிக்கமாட்டீங்கள்” என்பேன். இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் போனைப் பார்ப்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கயிறு அறுந்த அன்றைக்கு.

நாடகத்தில் படகுகளைக் கயிற்றால் பிணைத்து ஆற்றுக்கு மேல் பாலம் போடுகிறார்கள். கயிறு அறுந்து அடித்ததில் சேவகர் நாலைந்து பேர் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். நான் பின்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே மனுசனின் குரல் கேட்டது.

“எங்கடை படகிலையும் ஒருக்கா அறுந்தது பிள்ளை. ஒரு சத்தம்தான். என்ரை தலைக்கு மேலாலை போனது. குனியாம நிண்டிருந்தா இண்டைக்கு நான் இல்லை.”

“ஐயோ! பயமா இருந்ததோ மாமா?”

“ஓம். அண்டைக்கு வீட்டை வந்து படுத்தும் கை நடுங்கிக்கொண்டே கிடந்தது.”

ஈரச் சாரத்தைப் பிடித்தபடி நான் நின்றேன். எந்த வருசம்? எந்த நாள்? எனக்கு ஒன்றுமே தெரியாது. கை நடுங்கியதாம். பிடிக்கிறதுக்கு நான் பக்கத்தில்தானே படுத்திருந்தேன்? நேற்று வந்தவளுக்கு அவர் உயிர் தப்பின கதை தெரியும், எனக்குச் சோறு போதும் என்கிற கைதான் தெரியும். சாரத்தைக் கொடியில் போட்டுக் கிளிப்பைக் குத்தினேன். கிளிப் உடைந்தது. ஆமாம், பொறாமைதான். சொந்த மருமகள் மேல், மகள் மாதிரி என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த பெட்டை மேல்.

அந்த வாரமே கருவாடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நிலாவெளி பஸ் பிடித்து இறக்கக்கண்டியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கருவாடு எங்கள் சந்தையிலும் இருக்கிறது. தங்கச்சி வீட்டில் பெரிய டீவி இருக்கிறது, அதில் இன்டர்நெட்டும் வரும். “உந்தச் சீன நாடகத்தைப் போட்டு விடு” என்றேன்.

“உனக்கென்ன விசரா அக்கா?” என்று தங்கச்சி கேட்டாள்.

“ஓம், விசர்தான். போடு.”

அவர்கள் பார்த்து நின்ற இடத்தைத் தாண்டிப் பார்த்தேன். பகல் முழுக்க இருந்து பார்த்தேன். வெள்ளைத் தாடியை எதிரி கொல்லவில்லை. அவன் காப்பாற்றின அரசனே யாரோ கோள் சொன்னதை நம்பி நஞ்சை அனுப்புகிறான். கிழவன் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறான். உண்மையைச் சொன்னால் எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தோசம். இப்போது அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் சோறு போட்டேன். சூரை மீன் குழம்பு, அவருக்கு விருப்பமானது. மருமகள் சொதியை ஊற்றிக்கொண்டே, “இண்டைக்குக் கோட்டைச் சண்டை வரும் மாமா” என்றாள். அவர் முகம் மலர்ந்தது. என் முகத்தைப் பார்த்து அந்த முகம் எப்போது மலர்ந்தது?

“என்ன கோட்டைச் சண்டை” என்றேன். “உங்கடை வெள்ளைத் தாடி சாகப்போறான். அவன்ரை அரசனே நஞ்சு குடுத்துக் கொல்லப்போறான். நான் பாத்திட்டன்.”

மனுசனின் கை சோற்றுக்குள்ளேயே நின்றது. மருமகள் என்னைப் பார்த்தாள். அவர் மீனைத் தொடாமல் எழுந்து போய்க் கையைக் கழுவினார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டக்கூட இல்லை.

பின்னேரம் கதிரை திரும்பவும் முற்றத்துப் பக்கம் போய்விட்டது. அவள் கூப்பிட்டும் வரவில்லை. “பிறகு பாப்பம் பிள்ளை” என்றதோடு சரி. நாடகம் நின்றது. எனக்குத்தான் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கதைத்துக்கொண்டிருந்தேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் விசா வந்தது. போகிற அன்றைக்கு மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமி, மிச்சத்தை மாமாவோடை இருந்து பாருங்கோ” என்றாள். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் பார் என்றுதான் நினைத்தேன். வான் போன பிறகு மனுசன் படலையைப் பிடித்தபடி கனநேரம் நின்றார். நான் ஊருக்குப் போனால் படலை வரைக்கும் வருவாரா, அதுவும் தெரியாது.

வீடு வெறிச்சோடிப் போய்க் கிடந்தது. எனக்கே என் குரல் அலுத்துவிட்டது என்றால் பாருங்கள். ஒரு பின்னேரம் என் போனை எடுத்துச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தேன். தங்கச்சி சொல்லித் தந்தபடி அமத்தி, அவர்கள் விட்ட இடத்தில் நாடகத்தைப் போட்டுவிட்டு, பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். குதிரைச் சத்தம் முற்றத்துக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. வந்து குசினி வாசலில் உட்கார்ந்தார்.

வெள்ளைத் தாடி வந்தான்.

“இஞ்சேருங்கோ, உவன் ஆர்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “சாகப்போறான் எண்டு நீதானே சொன்னனீ.”

“சாகிறது தெரியும். ஆள் ஆரெண்டு தெரியாது.”

பச்சைப் பொய். அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லத் தொடங்கினார். அவன் எந்த ராச்சியம், ஏன் அந்த ஆற்று வாயை விடமாட்டான், கப்பலைச் சங்கிலி போட்டு மறித்தது எப்படி, நடுவில் எங்கள் துறைமுக வாயில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று அது வேறு. முப்பது வருசத்தில் எனக்கு அவ்வளவு நீளமாக அவர் ஒன்றும் சொன்னதில்லை. வெங்காயத்துக்கா, அதற்கா, கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் வென்றது நான்தான் என்று நினைத்தேன்.

“பிள்ளையும் இப்பிடித்தான்” என்றார்.

“எப்பிடி?”

“தெரிஞ்சுகொண்டு கேக்கிறது. அவள் உந்த நாடகத்தைக் கலியாணத்துக்கு முதலே முழுக்கப் பாத்தவள். ஒருக்கா வாய் தவறி, வரப்போற சண்டையைச் சொல்லிப்போட்டாள். நான் கவனிக்காத மாதிரி இருந்திட்டன்.”

“பிறகேன் உங்களைக் கேட்டவள்?”

“நான் கதைக்கட்டும் எண்டு.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்தால் அதுவும் அவளுடையது. “அப்ப நான் கேக்கேல்லையோ? இவ்வளவு காலமும் நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லையோ?”

“கேட்டனீ” என்றார். “மறுமொழியையும் நீயே சொல்லிப்போடுவாய்.”

கோபமாகச் சொல்லவில்லை. நீரோட்டத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். முப்பது வருசமாக எனக்குப் பிடிபடாததை, வந்து ஒரு வருசத்துக்குள் அந்தப் பெட்டை கண்டுபிடித்துவிட்டாள். அவள் மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்றைக்குக் கூடினதே தவிரக் குறையவில்லை.

நான் கையை நீட்டி நாடகத்தை நிற்பாட்டினேன்.

“கயிறு அறுந்த அண்டைக்கு,” என்று கேட்டேன், “பயமா இருந்ததோ?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். “பயமாத்தானே இருந்திருக்கும், ஆருக்குத்தான் பயம் வராது, நீங்கள் சொல்லியிருக்கலாம்தானே” என்று எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.