பட்டியலில் இல்லாத வீடு: மட்டாஞ்சேரியில் ஓர் அட்வெந்து ஞாயிறு

மட்டாஞ்சேரி என்று இணையத்தில் தேடினால் அரண்மனை, யூதத் தெரு, மிளகு மண்டி என்று வரிசையாக வரும். அவற்றில் ஒன்றைக்கூட நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரயில், படகு, ஆட்டோ விவரமெல்லாம் சரியாக இருக்கும். எழுதுவது ஒரு புவியியல் வாத்தியார், அந்த மட்டில் நம்பலாம். நான் போனது என் தங்கை ஜெபாவைப் பார்க்க. அவள் கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸ் செயலாளர் நான்தான். டிசம்பரில் எந்த நாள் எந்தத் தெரு, எந்தெந்த வீடு என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. பட்டியலில் உள்ள வீட்டு வாசலில் குழு நின்று இரண்டு பாட்டுப் பாடும், பிறகு ஒரு ஜெபம். அந்த ஜெபத்தில் வீட்டார் ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அடுத்த ஈஸ்டர் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எங்கள் ஜனம் அப்படி.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பைத்தான் நாங்கள் அட்வெந்து என்கிறோம். அதன் முதல் ஞாயிறு மாலை வழக்கம்போலப் பட்டியல் நோட்டோடு உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: "ஊரெல்லாம் போய்ப் பாடுதிய. ஒங்க தங்கச்சி வாசல்ல என்னைக்குப் பாடப் போறிய?"

நான் நோட்டை மூடிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்லாமல் ரயில் ஏற முடியாது. ஜெபா கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கே மாரியப்பனைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டாள். அவர் தாத்தா காலத்தில் எங்கள் ஜில்லாவிலிருந்து கொச்சிக்குத் துப்புரவு வேலைக்குப் போன குடும்பம். அவரும் மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறார். இந்துப் பையன், அதனால் வேண்டாம் என்று வீட்டில் சொன்னோம். அது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் சாதி. எங்கள் குடும்பம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஐந்து தலைமுறை ஆகிறது. சாதியைக் கைவிட ஒரு தலைமுறைகூட முயற்சி செய்ததில்லை.

கல்யாணமான முதல் டிசம்பரில் இருவரும் ஊருக்கு வந்தார்கள். வீட்டில் சேர்க்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு மாடியறையைப் பத்து நாள் வாடகைக்குப் பிடித்து, வாசலில் நட்சத்திரம் கட்டி, கேரல் குழுவுக்குக் காத்திருந்தார்கள். அந்த வருடப் பட்டியலில் ஒரு பெரியவர் அவள் பெயரை எழுதியிருந்தார். நான் அதை என் பேனாவால் அடித்தேன். எதிர் வீட்டில் பாடினோம், பக்கத்து வீட்டில் பாடினோம், அவள் வாசலைத் தாண்டிப் போனோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னையும் என் கையிலிருந்த தாளையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவே இல்லை.

சரி, பயணம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, புனலூர் வழியாக எர்ணாகுளம் போகும் இரவு ரயில். சுமார் 330 கிலோமீட்டர், படுக்கை வசதிக்கு 295 ரூபாய். காலை ஒன்பதே காலுக்கு இறங்க வேண்டியது, இருபது நிமிடம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ 70 ரூபாய். அரசுப் படகில் ஃபோர்ட் கொச்சிக்கு ஆறே ரூபாய். இருபது நிமிடத்தில் துறைமுகக் கப்பல்களையெல்லாம் பக்கத்தில் பார்த்துவிடலாம். ஆறு ரூபாய்க்கு இப்போது நல்ல முறுக்குகூடக் கிடைக்காது. சனிக்கிழமை வரிசை நீளம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில் ஏறிய ஆட்டோவின் டிரைவருக்கு என் வயது இருக்கும். "யூதத் தெருதானே?" என்றார். கொச்சங்காடி தாண்டி மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு என்றேன்.

"அவிடயா? அங்க என்ன சேட்டா இருக்கு காணறதுக்கு?"

"என் தங்கச்சி வீடு."

வெளியாளிடம் அப்படிச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அறுபது ரூபாய் பேசியவர் இறங்கும்போது, "தங்கச்சி வீட்டுக்கல்லே, அம்பது மதி" என்று பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சுக்கு வாசனை அடிக்கும் சரக்குக் கிட்டங்கித் தெருக்கள் முழுக்க காகித நட்சத்திரங்கள். எது கிறிஸ்தவர் கடை, எது மற்றவர் கடை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குடியிருப்பு என்றால் எதிரெதிராக ஏழும் ஏழுமாகப் பதினான்கு வீடுகள், நடுவில் ஒரு குழாய். ஜெபா வாசலுக்கு வந்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. "வாண்ணே" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவளைப் போல. மாரியப்பன் என் பையை வாங்கிக்கொண்டு, "யாத்ர எப்படி அளியா?" என்றார். அங்கே மச்சானை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மகள் ரூத்துக்கு ஒன்பது வயது; கதவோரம் நின்று என் முழு உயரத்தையும் அளந்தாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் மாரியப்பன். டம்ளரை வாங்கும்போது என் கை ஒரு நொடி தயங்கியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் அதைக் கவனித்தார். மதியம் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறினார்கள், ஊர்க்கதை பேசினோம், நான் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இரவு, 900 ரூபாய் முன்பணம் கட்டிய லாட்ஜ் அறையில் போய்ப் படுத்தேன். அந்த அறையை ஏன் முன்கூட்டியே பிடித்தேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அட்வெந்தின் இரண்டாம் ஞாயிறு. மாலை ஆறு மணிக்கு ஜெபா, "கேரல் இருக்கு, வாறியா?" என்றாள். எந்தச் சபையின் குழு என்று கேட்டேன். "இந்த லைனோட குழு" என்றாள். எட்டுப் பேர். அவளோடு வேலை பார்ப்பவர்கள் இருவர், மற்றவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். தாளத்துக்கு ரூத்தின் பிளாஸ்டிக் வாளி. ரூத் தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடினாள். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. பதினான்கு வீட்டில் கிறிஸ்தவர் வீடு மூன்றுதான். எந்தெந்த வீட்டுக்குப் போகிறோம் என்று நான் செயலாளர் குரலில் கேட்டபோது ஜெபா விசித்திரமாகப் பார்த்தாள். "எல்லா வீட்டுக்கும்தான். இதுக்கு எதுக்குப் பட்டியல்?"

முதல் வீடு செல்லம்மா அக்காவுடையது. அறுபது வயது, இன்னும் தெருக் கூட்டுகிறார். சாமி மாடத்தில் அம்மன் படம். பாடி முடித்ததும், ஊரிலிருந்து வந்தவன் என்ற மரியாதைக்கு என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாக ஓடியது. உம்மை அறியாமல் இருளில் இருக்கிற இந்தக் குடும்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் ஆண்டவரே என்று உருக்கமாக முடித்தேன். எங்கள் ஊரில் இதற்குப் பலத்த ஆமென் கிடைக்கும். அங்கே ஒரு ஆமென்தான் வந்தது, செல்லம்மா அக்காவிடமிருந்து.

"மோனே, நீங்க சொன்னதெல்லாம் எனக்கு மனசிலாச்சு" என்றார். குரலில் கோபமே இல்லை. "எங்கள மாத்தணும்னு கேட்டீங்க. சரி. எனக்குன்னு ஒண்ணும் கேக்கலியே? முட்டு வேதன, நடக்க முடியல. கான்ட்ராக்ட்காரன் கையுறை தரமாட்டேங்கறான், வெறுங்கையால வாரறேன். அதக் கேக்கப்படாதா?"

குழிக்குள் இறங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜெபா என் முழங்கையைத் தொட்டாள். "இங்க மொதல்ல அவங்ககிட்ட கேக்கணும்ணே, என்ன வேணும்னு. அப்புறம்தான் ஜெபம்." அவள் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னாள்: "முட்டு வலி ஆண்டவருக்கு. கையுறை கவுன்சிலருக்கு." எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனால் அது வேடிக்கை மட்டுமில்லை. திங்கட்கிழமை லேபிலிருந்து வந்ததும் அவள் உட்கார்ந்து மனு எழுதுவாளாம். போன வருடம் இப்படி எழுதித்தான் குழாய் வந்ததாம்.

அடுத்தடுத்த வீடுகளில் நான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்தேன். முஸ்லிம் குடும்பம் ஒன்று தாத்தாவின் கண் ஆபரேஷனுக்குக் கேட்டது, ஆண்டவருக்கு. ஓடை அடைத்திருக்கிறது, கவுன்சிலருக்கு. ஒரு பெண் மாமியாரோடு சண்டை தீர வேண்டும் என்றாள். அதை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் ஜெபா பேனாவைக் கடித்தாள். சபையில் நான் கேட்ட அன்பு பற்றிய பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. ஒரு வாசலில் நின்று "என்ன வேணும்?" என்று கேட்பதுதான் அன்பு என்று நாற்பத்தெட்டு வயதில் புரிகிறது.

ஏழரை மணிக்குக் கடைசி வீட்டுக்கு வந்தோம், ஜெபாவின் வீடு. மாரியப்பன் வாசலில் நின்றிருந்தார். பாட்டு முடிந்தது. "அண்ணே, நீ கேளு" என்றாள் ஜெபா. நான் கேட்டேன், இந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். ஒனக்கு என்ன வேணும்? ரெண்டு நாளா எதையோ முழுங்கிட்டு நிக்க" என்றாள்.

"அன்னைக்கு ஒம் பேரை அடிச்சது நான்தான் ஜெபா. எனக்கு மன்னிப்பு வேணும். அதுக்கு ஜெபம் பண்ணு."

அவள் நோட்டைத் திறந்தாள். எழுதாமல் மூடினாள். "இது ஆண்டவருக்கு இல்லண்ணே" என்றாள். கண் நிறைந்திருந்தது. கையை நீட்டி மாரியப்பனைக் காட்டினாள். "இவருக்கு."

பதினோரு வருடத்தில் அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "மாரியப்பன்" என்றேன். "நான் செஞ்சது தப்பு. நேத்து அந்தத் தண்ணி டம்ளர் வரைக்கும் தப்பு. மன்னிச்சிருங்க." எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். பின்னாலேயே வந்திருந்த செல்லம்மா அக்கா முழங்காலைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாரியப்பன் மெதுவாகச் சொன்னார்: "பாட்டுக்கொண்ணும் எனக்கு ஆசயில்ல அளியா. அன்னைக்கு இவ நாப்பது கிளாஸ் சாயா போட்டு வச்சிருந்தா. நீங்க போனப்புறம் ஒவ்வொரு கிளாஸா கொட்டினா. அது மறக்கமாட்டேங்குது." வாசலை விட்டு விலகி நின்றார். "மறக்குமான்னு அறியில்ல. நோக்கலாம். சோறு ஆறுது, அகத்து வாங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சௌகரியமாக ஊருக்கு வந்து தூங்கியிருப்பேன். சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குப் போன் செய்து அறையைக் காலி செய்தேன், முன்பணம் போனது போனதுதான். அவர் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்தேன்.

ஊர் திரும்பியதும் சபைக் கூட்டத்தில், நம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர் தெருவையும் இந்த வருடம் ரவுண்ட்ஸில் சேர்க்க வேண்டும் என்றேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்கள். போய் முதலில் என்ன வேண்டும் என்று கேட்கப்போகிறோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பரில் ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நான் கடைசி நேரத்தில் எடுத்து, காத்திருப்புப் பட்டியலிலிருந்து எப்படியோ தப்பித்தேன். படகு ஆறு ரூபாய், ஆட்டோவுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பருத்தி உடை போதும், குளிர் கிடையாது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் கேமராவோடு நுழையாதீர்கள், அது பார்க்கும் இடமில்லை, வீடு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் லாட்ஜ் பிடிக்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுபடி கொச்சி போகிறோம். எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவுக்கும் ஒன்று எடுத்திருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நேற்று கிறிஸ்துமஸ் துணி எடுக்கக் கடைக்குப் போனோம். எனக்கு எடுத்து முடித்ததும் அம்மா சட்டை அடுக்கின் முன்னாலேயே நின்றாள். "அவருக்கு என்ன அளவு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "ஒன் மச்சான்தானே, போன் போட்டுக் கேளு" என்றாள்.

கேட்டேன். நாற்பத்திரண்டு.