படத்தின் மூலையில் போட்ட பேர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாசத்தில் ஒரு மழை நாள். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது.

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். மழை வந்தால் வெளிச்சுவர் வேலை இருக்காது. அதனால்தான் அன்று வீட்டில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைவிட, எனக்கு ஆட்களோடு பேச வராது. பஸ்ஸில் என் காலை யாராவது மிதித்தால்கூட நான்தான் காலை இழுத்துக்கொள்வேன்.

என் மனைவி எனக்கு நேர் எதிர். அவள் கல்யாணம், வளைகாப்புக்கு ஆரத்தித் தட்டும் சீர்த்தட்டும் அலங்காரம் செய்து விற்கிறாள். பாசிமணி, கல், ஜரிகை எல்லாம் ஒட்டி, தட்டின் நடுவில் மயிலோ தொட்டிலோ வைப்பாள். வியாபாரம் முழுக்க போனில், இன்ஸ்டாகிராம் பக்கம் வழியாகத்தான். பேசுவது அவள் வேலை, போட்டோ எடுப்பது என் வேலை. மொட்டை மாடியில் சாயங்கால வெயில் சாய்கிற நேரத்தில், வேலையில் மிஞ்சிய நீலப் பெயிண்ட்டை அடித்து வைத்திருக்கும் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்துவேன். அதற்கு முன்னால் தட்டை வைத்தால் சிவப்பு மணியும் பச்சைக் கல்லும் அப்படியே தூக்கிக் காட்டும்.

"போட்டோல இவ்ளோ அழகா எடுக்காதீங்க. நேர்ல பார்த்துட்டு என்னைத் திட்டப் போறாங்க" என்பாள். ஆனால் அந்தப் படங்களைத் தினமும் இரண்டு தடவையாவது எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் எங்கள் படம் ஒன்றை வேறு யாரோ தங்களுடையது என்று போட்டிருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலடிப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவரிடம் போனைக் கொடுத்தேன். "பேரு போடுங்கண்ணா. வாட்டர்மார்க்னு சொல்வாங்க. அப்புறம் எவனும் தொட மாட்டான்" என்று அதற்கான ஆப் ஒன்றையும் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

முதல் படத்தில் என் மனைவி பேரைத் தட்டின் நடுவில், கடைக்குப் போர்டு எழுதுகிற மாதிரி பெரிசாகப் போட்டுவிட்டேன். ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "தட்டு சூப்பரா இருக்கு. ஆனா அதுமேல யார் பேரோ எழுதியிருக்கே, அது இல்லாம கிடைக்குமா?"

என் மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "என் பேருதான் தெரியுது, தட்டைக் காணோம். ஓரமாப் போடுங்க சாமி" என்றாள். அதிலிருந்து பேரையும், கூடவே தாம்பரம் என்ற ஊர்ப் பேரையும் கீழ் மூலையில் சின்னதாகப் போட ஆரம்பித்தேன். இனி பயமில்லை என்று இரண்டு பேரும் நம்பினோம்.

அந்த மழை நாளில் அவள் மணி வாங்கப் பாரிமுனைக்குப் போயிருந்தாள். மத்தியானம் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, முந்தானையெல்லாம் நனைந்து நிற்கிறார். பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவருடைய தம்பி. பெருங்களத்தூரிலிருந்து வருகிறார்களாம்.

"தட்டு அலங்காரம் பண்றவங்க வூடு இதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப என் தட்டு எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா பேசப் பேசத்தான் விஷயம் தெரிந்தது. மகளுக்கு வளைகாப்பு. போனில் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படம் பார்த்து ஒன்பது சீர்த்தட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். நேற்றே வரவேண்டிய தட்டு இன்னும் வரவில்லை. பணம் வாங்கியவனின் போன் நம்பரும் அணைந்துவிட்டது. திரும்பப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் ஒரு பேரும் ஊரும் இருந்திருக்கிறது. தாம்பரத்தில் நாலு பேன்சி ஸ்டோரில் விசாரித்து நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

திருடியவன் என் மனைவியின் பேரை அழிக்கக்கூட இல்லை. அப்படியே போட்டு வியாபாரம் பார்த்திருக்கிறான்.

நான் "அது நாங்க இல்லைங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் படியில் வந்து நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. என் மனைவி பத்து வருஷமாகப் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பேர், அந்தப் படிக்கட்டில் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பேச வராதவனுக்கு என்ன தோன்றும்? படம் எங்களுடையது, எவனோ திருடிவிட்டான் என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய் நீலப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

அந்த அம்மா பலகையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"தம்பி, பாருடா! அதே பலகை! கையும் களவுமா மாட்டிக்கினான் பாரு!"

"ஏன்யா, போட்டோ உன்னுது, பேரு உன் வூட்டுக்காரம்மாது, தட்டு மட்டும் யாரோடதுய்யா?" என்றார் தம்பி.

கேள்வி நியாயம்தான். கீழ் வீட்டு அக்காவே என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து என் மனைவி இரண்டு கட்டைப் பையோடு படியேறி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கோபப்படவில்லை. முதலில் துண்டை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்து, "தலையைத் துவட்டிக்கோங்கம்மா, சளி புடிச்சிக்கும்" என்றாள். அப்புறம் போனை வாங்கிப் பார்த்தாள். பணம் போன நம்பர் வேறு, பக்கத்தின் பேர் வேறு என்று பொறுமையாகக் காட்டினாள். தன் பக்கத்தில் அதே படம் பல மாசத்துக்கு முன்னால் போட்டிருப்பதையும் காட்டினாள்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் இன்னும் பாவமாகிவிட்டது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சம்பந்தி வூட்டுக்காரங்க வருவாங்க. போட்டோவைக் காட்டி இந்த மாதிரி தட்டு வருதுன்னு பெருமையா சொல்லிக்கினேன்மா" என்று அழ ஆரம்பித்தார். தம்பி ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள். "வளைகாப்பு எப்பம்மா?"

"நாளன்னிக்கு."

"காசு என்கிட்ட வரலை. ஆனா என் பேரைப் பார்த்துதானே வந்துட்டீங்க. நாளைக்குக் காலைல வாங்க, சேர்ந்து செஞ்சிடலாம். மணி, கல் வாங்கின காசு மட்டும் குடுங்க போதும்."

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அந்த அம்மா காலையிலேயே இட்லிப் பாத்திரத்தோடு வந்துவிட்டார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினோம். நான் தட்டுக்கு வர்ணம் அடித்துக் காயவைத்தேன். முதல் நாள் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கியவர், "தம்பி, இந்தப் பச்சை சரியா கீதா பாரு" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் மனைவியிடம், "உன் வூட்டுக்காரர் பேசவே மாட்டாரா? நேத்து பலகையைத் தூக்கினு வந்தப்ப அடிக்கத்தான் வராருன்னு என் தம்பி பயந்துட்டான்" என்றார். நான்கூடச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

எட்டுத் தட்டு முடிந்தபோது சிவப்பு மணி தீர்ந்துவிட்டது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள், எட்டு ஆகாது. மறுபடியும் பாரிமுனைக்குப் போகவும் நேரமில்லை. அந்த அம்மா மீதி இருந்த கலர் மணிகளை எல்லாம் மடியில் கொட்டிக்கொண்டு, ஒன்பதாவது தட்டைத் தானே செய்தார். மயில் கொஞ்சம் கோழி மாதிரி வந்தது. என் மனைவி திருத்தப் போனாள். "வேணாம்மா, இருக்கட்டும். என் பொண்ணுக்கு நான் செஞ்சது" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

வளைகாப்புக்கு எங்கள் இரண்டு பேரையும் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டார். வழக்கம்போல நான் மண்டபத்தின் வாசலிலேயே நின்றேன். அவர் உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முன் வரிசையில் அந்தக் கோழி மயில் தட்டுதான் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் என் மனைவியைக் காட்டி, நடந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். அதைக் கேட்டு அங்கேயே உறவுக்காரப் பெண்கள் எல்லாம் போனை எடுத்து அந்தத் திருட்டுப் பக்கத்தின் மேல் புகார் போட்டார்கள். கொஞ்ச நாளில் அது காணாமல் போனது. போலீஸிலும் எழுதிக் கொடுத்தோம். அவருடைய பணம் இன்னும் வரவில்லை.

என் மனைவி அந்த அம்மாவின் மகளுக்கு வளையல் போட்டாள். அப்புறம் தட்டுகளோடு அந்தப் பெண்ணை உட்கார வைத்து என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். படம் நன்றாக வந்தது. "இதுலயும் உங்க பேரைப் போடுங்க. ஆனா என் பொண்ணு மூஞ்சி மேல போட்டுடாதீங்க" என்றார் அந்த அம்மா. முதல் படத்தில் நான் தட்டை மறைத்துப் பேரைப் போட்ட கதையையும் என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

இப்போது எங்கள் படங்களில் பேரைத் தட்டின் குறுக்கே, தட்டும் தெரிகிற மாதிரி மெலிதாகப் போடுகிறேன். கூடவே போன் நம்பரும், 'பணம் அனுப்பும் முன் எங்களிடம் பேசுங்கள்' என்ற வரியும் இருக்கும். முழுசாகத் திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று பேராவது கூப்பிடுகிறார்கள். "அண்ணா, வேற ஒரு பக்கத்துல இந்தப் படம் பார்த்தேன், இது உங்க தட்டா?" என்று கேட்பார்கள். என் மனைவியின் கையில் எப்போதும் பசை இருக்கும் என்பதால் அந்தப் போனை எடுப்பது நான்தான். முதலில் திக்கித் திக்கிப் பேசினேன். இப்போது, "ஆமாங்க, எங்களுதுதான். அங்க பணம் போட்டுடாதீங்க. உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பொருளை எவனும் தொடக்கூடாது என்றுதான் அன்றைக்கு மூலையில் அந்தப் பேரைப் போட்டேன். ஏமாந்து நின்ற ஒரு தாய்க்கு எங்கள் வாசலுக்கு வழி சொன்னதும் அந்தப் பேர்தான் என்பதை, ஒவ்வொரு படத்திலும் அதை எழுதும்போது நினைத்துக்கொள்கிறேன்.